வெலோட்ரோமில் ஒரு பந்தய மாலை: கிளப் அணிக்கான கையேடு

லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்டில் உள்ள லீ வேலி வெலோபார்க் 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கான மரத்தடம். ஒரு சுற்று 250 மீட்டர், வளைவில் சரிவு 42 பாகை, தரை முழுக்க சைபீரியப் பைன் பலகை. ஒலிம்பிக் வீரர்கள் ஓட்டிய அதே தடத்தில் வேலை முடிந்து வரும் அமெச்சூர் அணிகளும் பந்தயம் ஓட்டலாம் என்பது பெரிய வாய்ப்பு. சாலையில் நூறு கிலோமீட்டர் அசராமல் ஓட்டுகிறவர்கூட இங்கே முதல் மாலையில் திணறுவார். உடல்வலு அவரிடம் இருக்கும், பழக்கம் இருக்காது.

தட சைக்கிளில் பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், இதைத்தான் ஃபிக்ஸட் கியர் என்பார்கள். நீங்கள் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவரால் ஊகிக்க முடிந்தால்தான் அவர் பத்திரமாக இருப்பார். கீழே சொல்லும் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும். வேகத்தைப் பிறகு பார்க்கலாம்.

அனுமதி முதலில்

கிளப் சட்டை போட்டிருக்கிறோம் என்பதற்காக நேரே பந்தயத்தில் இறங்க விடமாட்டார்கள். லீ வேலியில் முதலில் ஓர் அறிமுக வகுப்பு, பிறகு நான்கு நிலைத் தகுதிப் பயிற்சி. நான்காம் நிலையில் தேறியவரைத்தான் கூட்டமாக ஓட்டும் பயிற்சிகளுக்கும் பந்தயத்துக்கும் சேர்ப்பார்கள். பந்தயத்துக்கு, சைக்கிள் விளையாட்டு அமைப்பான பிரிட்டிஷ் சைக்கிளிங்கின் உறுப்பினர் அட்டையும் பந்தய உரிமமும் வேண்டும். அணியில் எல்லோரும் ஒரே வேகத்தில் தேறமாட்டார்கள். முதலில் தேறிய இரண்டு மூன்று பேர் முன்கூட்டியே ஒரு மாலை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் மற்றவர்களுக்குப் பாதி பயம் குறையும்.

தெற்கு லண்டன்காரர்களுக்கு ஹெர்ன் ஹில் இருக்கிறது. 1891-இல் தொடங்கிய திறந்தவெளித் தடம், 1948 ஒலிம்பிக் சைக்கிள் பந்தயங்கள் நடந்த இடம். சுற்று ஏறத்தாழ 450 மீட்டர், சரிவும் மிகக் குறைவு. ஃபிக்ஸட் கியரில் கூட்டத்தோடு ஓட்டப் பழக இதைவிடப் பொறுமையான இடம் கிடையாது. மழை பெய்தால் மட்டும் மாலை போச்சு.

சைக்கிளைத் தயார் செய்தல்

தட சைக்கிளில் உறுப்புகள் குறைவுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் தவறு செய்ய இடம் உண்டு. செயினிலிருந்து ஆரம்பியுங்கள்.

பின்சக்கரத்தின் இரண்டு நட்டுகளையும் 15 மி.மீ. ஸ்பேனரால் தளர்த்திவிட்டு, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, முதலில் செயின் பக்கத்து நட்டைப் பாதி இறுக்குங்கள். சக்கரத்தை ஃபிரேமின் நடுவுக்குக் கொண்டுவந்து மறுபக்க நட்டை இறுக்குங்கள். பிறகு கிராங்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே செயினின் நடுப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். செயின்ரிங் (முன்பல்சக்கரம்) எதுவும் துல்லியமான வட்டம் இல்லை. ஓர் இடத்தில் செயின் விறைக்கும், இன்னோர் இடத்தில் தொய்யும். மிகவும் விறைக்கும் இடத்தில் மேலும் கீழுமாக 1 முதல் 1.5 சென்டிமீட்டர் அசைவு இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் பெடல் கரகரக்கும், பேரிங் தேயும். அதிகமானால் செயின் கழலும். ஃபிக்ஸட் கியரில் செயின் கழன்றால் அது பின்சக்கரத்தில் சிக்கி சக்கரம் அப்படியே நின்றுவிடும். 42 பாகைச் சரிவில் அதற்குப் பிறகு நடப்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே கடைசியாக இரண்டு நட்டுகளையும் முழுபலத்தோடு இறுக்குங்கள். பந்தயங்களுக்கு நடுவில் இன்னொரு முறை ஸ்பேனரைப் போட்டுப் பாருங்கள்.

பின் ஸ்ப்ராக்கெட் (பின்பல்சக்கரம்) வலம்புரி மரையில் ஏறும். அதைப் பூட்டும் லாக்ரிங் இடம்புரி மரை. மரையைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, செயின்விப்பால் (செயின் துண்டு கோத்த பிடிகருவி) ஸ்ப்ராக்கெட்டை இறுக்கிய பிறகே லாக்ரிங்கைப் போடவேண்டும். இரண்டு மூன்று சுற்று அழுத்தி ஓட்டினால் ஸ்ப்ராக்கெட் இன்னும் சற்று உள்ளே ஏறி லாக்ரிங் தளர்ந்துபோகும். அப்போது மறுபடி இறுக்காமல் விட்டால், வேகத்தைக் குறைக்கப் பெடலை எதிர்க்கும்போது ஸ்ப்ராக்கெட் கழன்று மரையையே தின்றுவிடும். அதோடு ஹப்பும் போய்விடும்.

கியர் விஷயத்தில் அணிக்குள் எப்போதும் சண்டை வரும். கணக்கு எளிது: முன்பல் எண்ணிக்கையைப் பின்பல் எண்ணிக்கையால் வகுத்து, சக்கரத்தின் விட்டமான 27 அங்குலத்தால் பெருக்கினால் கியர் அங்குலம். 48×15 என்றால் 86.4, 50×15 என்றால் 90, 49×14 என்றால் 94.5. 23 மி.மீ. டயரோடு மணிக்கு 50 கிலோமீட்டரில் போக, 86.4-இல் நிமிடத்துக்கு 124 சுற்று மிதிக்கவேண்டும், 90-இல் 119, 94.5-இல் 114. முதல் மாலைக்கு 86-க்கும் 90-க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையிலிருந்து வருகிறவர்கள் அத்தனை வேகமாக மிதிக்கப் பயந்து பெரிய கியர் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பெரிய கியரில் ஒருமுறை வேகம் இறங்கிவிட்டால் மறுபடி ஏற்றவே ஒரு சுற்று ஆகிவிடும். கடைசி ஆளை ஒவ்வொருவராக வெளியேற்றும் எலிமினேஷன் போன்ற பந்தயத்தில் அந்த ஒரு சுற்றில் வெளியே போய்விடுவீர்கள். வேகமாக மிதிக்கக் கால் பழகிய பிறகு முன்பல்லை ஒவ்வொன்றாகக் கூட்டலாம்.

இன்னொரு கணக்கு: பல்லின் கூட்டுத்தொகையில் ஒன்று கூடினால் பின் அச்சு ஏறத்தாழ 3 மி.மீ. முன்னால் நகரும். முன்னால் ஒன்று கூட்டிப் பின்னால் ஒன்று குறைத்தால் அச்சு இருந்த இடத்திலேயே நிற்கும். கொண்டுபோகும் செயின் எல்லாச் சேர்க்கைக்கும் பொருந்துமா என்று வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். ஃபோர்க் முனையின் விளிம்பில் அச்சு தொங்கிக்கொண்டிருப்பதைத் தடத்துக்கு வந்து கண்டுபிடித்தால் உபயோகமில்லை.

டயரைப் பந்தயத்துக்கு முன் சுத்தமான துணியால் துடையுங்கள். கார் நிறுத்துமிடத்தில் உருட்டிக்கொண்டு வந்த டயரில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு மரப்பலகையில் வழுக்கும். புது டயரின் மேல் வரும் வழவழப்பும் அப்படித்தான். கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போகும். காற்று டயரின் பக்கவாட்டிலும் ரிம்மிலும் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக்கூடாது. ஹூக் இல்லாத ரிம் (டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) என்றால் 5 பார் அழுத்தம்தான் எல்லை, அதைத் தட சைக்கிளில் மாட்டாமல் இருப்பதே மேல். ஒட்டுடயர் போடுகிறவர்கள் காற்றை இறக்கிவிட்டுக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கவேண்டும். எங்காவது பசை விட்டிருந்தால் அன்றைக்கு அந்தச் சக்கரம் வேண்டாம்.

ஹேண்டில்பார் முனைகளில் அடைப்பான் இருக்கிறதா? சீட்டுக்கு அடியில் பை, பாட்டில் கூண்டு, விளக்கு மாட்டும் வளையம் எல்லாம் கழற்றியாயிற்றா? தடத்தில் விழும் சின்ன பிளாஸ்டிக் துண்டுகூட இருபது பேரைச் சாய்க்கும். வேகம் காட்டும் சைக்கிள் கணினியும் இங்கே வேண்டாம். வேகம் பார்க்கக் குனிகிற நேரத்தில் முன்சக்கரத்தைத் தொட்டுவிடுவீர்கள்.

வாடகை சைக்கிள் எடுக்கிறவர்கள் எந்த க்ளீட்டுக்கான (காலணியின் அடியில் பெடலைப் பூட்டும் தகடு) பெடல் என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே சீட் உயரத்தை பாட்டம் பிராக்கெட் (கிராங் சுழலும் அச்சு) நடுவிலிருந்து அளந்து எழுதிக்கொண்டு போனால் மாட்டுவதற்கு ஒரு நிமிடம்தான்.

அணிப் பை

ஒருவருக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் தூக்கவேண்டாம், அணிக்கு ஒரே பை போதும். 15 மி.மீ. ஸ்பேனர் இரண்டு, செயின்விப், லாக்ரிங் ஸ்பேனர், 4, 5, 6, 8 மி.மீ. ஆலன் கீகள், அளவுமானி உள்ள நின்றடிக்கும் பம்ப், 14, 15, 16 பல் ஸ்ப்ராக்கெட்டுகள், உதிரியாக ஒரு ஜோடிச் சக்கரம், இன்சுலேஷன் டேப், எண் குத்த ஊக்குகள், துணி, சிராய்ப்புக்கான மருந்து, மரச்சிலாம்பு எடுக்க நல்ல இடுக்கி. நின்ற இடத்திலேயே சைக்கிள் ஓட்டும் ரோலர் இரண்டு இருந்தால் நான்கைந்து பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

ஓட்டாத ஒருவர் கட்டாயம் கூட வரவேண்டும். சைக்கிள் பிடிக்க, பந்தய வரிசையைப் பார்த்துக் கூப்பிட, மீதிச் சுற்றை ஓட்டுகிறவருக்குக் கத்திச் சொல்ல, நட்டை இறுக்க அவர் வேண்டும். மூச்சிரைக்கிற நேரத்தில் மூளை எண்ணாது.

கோடுகளைப் படியுங்கள்

தடத்தின் உள்விளிம்புக்கு அடியில் வெளிர்நீலப் பட்டை இருக்கும், கோட் தாஸூர் என்பார்கள். அது வேகம் எடுத்து உள்ளே நுழையவும் வேகம் இறக்கி வெளியேறவும் மட்டும். பந்தயத்தில் அதன்மேல் ஏறி யாரையும் முந்தக்கூடாது. உள்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டரில் கறுப்புக்கோடு. 250 மீட்டர் என்பது அதன் நீளம். 85 சென்டிமீட்டரில் சிவப்புக்கோடு. கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையிலான பாதையில் ஒருவர் ஸ்பிரிண்ட் அடிக்கத் தொடங்கிவிட்டால் அவரை உட்பக்கம் முந்தக்கூடாது, அவரும் அந்தப் பாதையை விட்டு மேலே ஏறி மற்றவரை மறிக்கக்கூடாது. அதற்கும் மேலே, தடத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், நீலக்கோடு.

பயிற்சி நேரத்தில் வேகமாகப் போகிறவர் கறுப்புக்கோட்டில் ஓட்டுவார், இளைப்பாறுகிறவர் நீலக்கோட்டுக்கு மேலே சுற்றுவார். கறுப்புக்கோட்டை விட நீலக்கோட்டில் ஒரு சுற்றுக்கு 10 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட்டுகிறீர்கள். இருபது சுற்று பந்தயத்தில் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தால் 200 மீட்டர் இலவசமாகக் கொடுத்தாயிற்று.

வலது தோளுக்கு மேல் பார்க்காமல் ஓர் அங்குலம்கூட மேலே நகரக்கூடாது. இறங்கும்போது இடது பக்கம் பார்க்கவேண்டும். முந்துவது எப்போதும் வலப்பக்கம்தான். பின்னாலிருந்து ஒருவர் ‘ஸ்டே’ என்று கத்தினால் நீங்கள் இருக்கும் கோட்டிலேயே இருங்கள் என்று பொருள். மரியாதைக்காக ஒதுங்கி வழிவிடப்போனால் அவர் மேலேயே போய் விழுவீர்கள். நல்ல மனத்தால் நடக்கும் விபத்து இது, புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கலாம்.

வளைவில் வேகம் குறையவே கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் டயர் பிடிமானம் விட்டு வழுக்கத் தொடங்கும், வலது பெடலும் பலகையில் இடிக்கலாம். பயத்தில் மெதுவாகப் போவதுதான் இங்கே ஆபத்து. மெதுவாக்க வேண்டுமானால் பெடலை லேசாக எதிர்த்துக்கொண்டே சரிவில் மேலே ஏறுங்கள். ஏற்றமே வேகத்தை வாங்கிக்கொள்ளும். வெளியேற நினைத்தால் சுற்றி வரும்போதே சைகை காட்டி, வளைவு முடிந்து நேர்ப்பகுதி தொடங்கும் இடத்தில் இறங்குங்கள்.

முறை மாற்றுவது

அணி வார்ம்-அப்பில் இதைத்தான் முதலில் பழகவேண்டும். முன்னால் இழுப்பவர் வளைவு தொடங்கும் இடத்தில் வலது தோளுக்கு மேல் பார்த்துவிட்டு, மிதிப்பதை நிறுத்தாமல், சரிவில் மேலே ஏறுகிறார். ஏறும்போது அவர் வேகம் தானாகக் குறைகிறது. கீழே வரிசை அவரைத் தாண்டிப் போகிறது. கடைசி ஆள் அவரைத் தாண்டும் முன்பே அவர் இறங்கத் தொடங்கவேண்டும். இறக்கத்தில் வேகம் திரும்பக் கிடைக்க, கடைசிச் சக்கரத்தின் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்கிறார். நேர்ப்பகுதியில் ஏறினால் இந்தச் சலுகை கிடைக்காது. தாமதமாக இறங்கினால் இடைவெளி விழும், அதை மூட நாலு பேர் உழைப்பை ஒருவர் போடவேண்டும்.

முன்னால் வந்ததும் வேகத்தைக் கூட்டுகிற பழக்கம் எல்லா அணியிலும் இரண்டு பேருக்கு இருக்கும். வெளியே நிற்பவர் நேரத்தைப் பார்த்துச் சொல்லட்டும்: மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஒரு சுற்று 22.5 விநாடி, 45 என்றால் 20, 50 என்றால் 18. இருபத்திரண்டில் ஓடும் வரிசை யார் முன்னால் வந்தாலும் இருபத்திரண்டிலேயே ஓடினால் அந்த அணி பந்தயத்துக்குத் தயார்.

பந்தயங்கள்

ஒரே மாலையில் மூன்று நான்கு பந்தயம் வரும். ஒவ்வொன்றுக்கும் முன் பாதிப் பேர் மேலே கம்பியைப் பிடித்து நிற்பார்கள், மீதிப் பேரைக் கீழே உதவியாளர்கள் பிடிப்பார்கள். கணக்கில் சேராத ஒரு சுற்று கூட்டமாக ஓடிய பிறகுதான் பந்தயம் தொடங்கும். கம்பியை விட்டு இழுத்துக்கொண்டு இறங்கும் அந்தச் சுற்றில்தான் புதியவர்கள் கூட்டத்தின் கடைசிக்குப் போய்விடுகிறார்கள். முன்பாதியில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ராட்ச் எளிமையானது: கடைசிக் கோட்டை முதலில் தாண்டியவர் வென்றார். 250 மீட்டர் தடத்தில் கடைசி நேர்ப்பகுதி மிகக் குறுகியது. கடைசி வளைவை மூன்றாம் நான்காம் ஆளாக முடித்தால் முந்த இடமே இருக்காது, வளைவிலேயே முந்தப்போனால் வெளிவட்டத்தின் கூடுதல் தூரம் காலைக் கொல்லும். கடைசிச் சுற்றுக்கான மணி அடிக்கும்போது இரண்டாம் இடத்தில் இருக்கவேண்டும். சரிவின் உயரத்தைச் சேமிப்பாக வைத்துக்கொள்வது இன்னொரு வழி. மணிக்கு 50 கிலோமீட்டரில் மேலே ஓடுகிறவர் 3 மீட்டர் உயரம் இறங்கினால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 57 கிலோமீட்டர் வேகத்தோடு கீழே வருவார். மேலே போய் நிற்கவும் உழைப்பு செலவாகிறது என்பதால் கடைசி இரண்டு சுற்றுக்கு முன் அங்கே போகவேண்டாம்.

எலிமினேஷனில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கடைசி ஆள் வெளியே. பின்சக்கரத்தின் பின்விளிம்பை வைத்து முடிவெடுப்பார்கள். வலு இல்லாமல் வெளியேறுகிறவர்களைவிட உள்ளே மாட்டிக்கொண்டு வெளியேறுகிறவர்களே அதிகம். கறுப்புக்கோட்டில் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பீர்கள். கோடு நெருங்கும்போது பின்னாலிருந்து எல்லோரும் வலப்பக்கம் அலையாக வந்து மூடிவிடுவார்கள். முன்னால் சுவர், வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் போகத் தடையுள்ள நீலப்பட்டை. சிவப்புக்கோட்டுக்குச் சற்று மேலே, முன்னிருந்து மூன்றாவது நான்காவது ஆளாக, வலப்பக்கம் திறந்திருக்கும்படி ஓட்டுங்கள். பதற்றத்தில் நீலப்பட்டையில் இறங்கி முந்தினால் கடைசி ஆளுக்குப் பதிலாக உங்களையே வெளியேற்றலாம்.

பாயிண்ட்ஸ் பந்தயத்தில்தான் அணி என்ற சொல்லுக்கு மதிப்பு. நாற்பது சுற்று என்று வைத்துக்கொள்வோம், பத்துக்கு ஒருமுறை ஸ்பிரிண்ட், 5, 3, 2, 1 என்று புள்ளி, கடைசி ஸ்பிரிண்டுக்கு இரட்டிப்பு. கூட்டத்தைவிட ஒரு முழுச் சுற்று முன்னேறினால் 20 புள்ளி. எல்லா ஸ்பிரிண்டையும் ஒருவரே வென்றால்கூட 25-தான். ஆகவே ஸ்பிரிண்ட் முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கும் அந்த அரைச் சுற்றில் ஒருவர் பாய்ந்து போகவேண்டும், மற்ற அணியினர் முன்வரிசையில் வந்து சாதாரண வேகத்தில் இழுக்கவேண்டும். மறிப்பது விதிமீறல், துரத்தாமல் இருப்பது தந்திரம். ஓடிப்போனவரோடு வேறு கிளப்காரர் ஒருவர் சேர்ந்தால் நல்லது. தனியாளாக ஒரு சுற்றை எடுப்பது கிளப் மட்டத்தில் அரிது. லீக்குக்கு லீக் புள்ளிமுறை மாறலாம், பதிவு மேசையில் கேட்டுவிடுங்கள்.

மேடிசன் முதல் மாலைக்கு உரியதல்ல. கையைப் பிடித்து எறிந்து ஆள் மாற்றும் அந்தக் கலைக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

இடைவேளையும் கோளாறும்

முதல் பந்தயத்துக்கு 40 நிமிடம் முன்பு வார்ம்-அப் தொடங்குங்கள். ரோலரில் 10 நிமிடம் லேசாக, 5 நிமிடம் படிப்படியாகக் கூட்டி, பிறகு ஆறு விநாடி வேகமாகச் சுற்றுவது மூன்று முறை. பந்தயம் முடிந்து வந்ததும் நாற்காலியில் சாயவேண்டாம். மேல்சட்டை போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் ரோலர். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும்: ஒரு வாழைப்பழம், ஜாம் தடவிய ரொட்டி, இனிப்புப் பானம். உள்ளரங்கின் சூட்டில் தாகம் தெரியாமலே நீர் வற்றும். பாட்டிலை மையத்திடலில் அணியின் இடத்திலேயே வைத்து, பந்தயத்துக்குப் பந்தயம் குடியுங்கள்.

பந்தயத்தின் நடுவில் பஞ்சர் ஆனாலோ, கீழே விழுந்தாலோ, முக்கிய உறுப்பு முறிந்தாலோ நடுவர் அதை ஏற்றுக்கொண்டு, 1300 மீட்டருக்கு நெருங்கிய சுற்றுகள் ஒதுங்கி நிற்க விடுவார். 250 மீட்டர் தடத்தில் ஐந்து சுற்று. அதற்குள் உதவியாளர் மாற்றுச் சக்கரத்தைப் போட்டாகவேண்டும். ஆனால் செயின் தொய்வால் கழன்றது, சக்கரம் நகர்ந்தது, ஹேண்டில்பார் திரும்பியது போன்றவை ஏற்கப்படும் கோளாறு அல்ல. அவை உங்கள் ஸ்பேனரின் குறை. இழந்த சுற்று இழந்ததுதான்.

யாராவது விழுந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள், நிறுத்தவும் முயலாதீர்கள். விழுந்தவர்கள் சரிவில் கீழே வழுக்கி வருவார்கள், ஆகவே மேலே ஏறித் தாண்டுங்கள். பந்தயத்தை நிறுத்தினால் நடுவர் சொல்லும்வரை மேலே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருங்கள். சிராய்ப்பைக் கழுவும்போது சிலாம்பு இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஆழமாக ஏறியதை நீங்களே தோண்டாமல் முதலுதவி அறையிடம் விடுங்கள், தலை இடித்திருந்தால் அன்றைக்கு அவருக்குப் பந்தயம் முடிந்தது. அந்த ஹெல்மெட்டையும் திரும்பப் போடக்கூடாது.

கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, யார் எந்தக் கியரில் எந்தப் பந்தயம் ஓட்டினார், எத்தனையாவது இடம், எந்தச் சுற்றில் கூட்டத்தை விட்டார் என்று ஒரே நோட்டில் எழுதிவிடுங்கள். கடைசி இரண்டு சுற்றில் மட்டும் கூட்டத்தை விட்டவருக்கு அடுத்த முறை கியரைச் சற்றுக் குறைத்துக் கொடுக்கலாம். ஐந்தாவது சுற்றிலேயே விட்டவருக்குக் கியரை மாற்றிப் பயன் இல்லை. கூட்டத்தின் நடுவில் ஓட்டப் பழகும் பயிற்சியில் அவரை இன்னும் இரண்டு வாரம் சேருங்கள்.